பட்டம் வாங்காமல் போன நம் மாணவர்

மலர் போடுவது என்று முடிவானதும் நம் சங்கத்தில் முதலில் நடக்கிற வேலை பெயர்ப் பட்டியல் தயாரிப்பதுதான். பெயர், படித்த வருஷம், தங்கிய விடுதி, பெயருக்குப் பின்னால் பி.ஏ., எம்.எஸ்ஸி., பி.எச்டி. என்று எழுத்துக்கள். யாருக்காவது ஒரு எழுத்து விட்டுப்போனால் அடுத்த கூட்டத்தில் கேட்காமல் விடமாட்டார்கள். இப்படிப்பட்ட பட்டியலில் பெயருக்குப் பின்னால் ஒன்றும் போட முடியாத ஒருவரைப் பற்றி எழுதலாம் என்று எனக்குத் தோன்றியது. அவரும் சென்னை கிறிஸ்தவக் கல்லூரி மாணவர்தான். டாக்டர் வில்லியம் மில்லர் முதல்வராக இருந்த காலத்தில், கல்லூரி இன்னும் தாம்பரத்துக்கு வராமல் எஸ்பிளனேடில் இருந்தபோது, 1890களின் முற்பகுதியில் படித்தவர். பி.ஏ. இறுதித் தேர்வு சமயத்தில் உடம்புக்கு முடியாமல் போயிற்று. திரும்ப உட்கார்ந்து எழுதியிருக்கலாம். எழுதவில்லை. வேறு வேலை இருக்கிறது என்று போய்விட்டார்.

அவர்தான் வேதநாயகம் சாமுவேல் அசரியா. ஆங்கிலிக்கன் சபையில் அத்தியட்சரான முதல் இந்தியர். பெயரை எல்லாரும் கேள்விப்பட்டிருப்போம். டோர்னக்கல் என்ற ஊர்ப் பெயரும் கூடவே ஞாபகம் வரும். அதற்கு மேல் கேட்டால் நம்மில் பலருக்குச் சொல்லத் தெரியாது. நான் படித்துத் தெரிந்துகொண்ட வரையில் அவருடைய கதையைச் சொல்கிறேன்.

அசரியா பிறந்தது 1874 ஆகஸ்ட் 17-ம் தேதி, வெள்ளாளன்விளையில். அன்றைக்குத் திருநெல்வேலி ஜில்லா. 1986-க்குப் பிறகு தூத்துக்குடி மாவட்டம். திருச்செந்தூர் வட்டாரத்துச் செம்மண் தேரியையும் பனங்காட்டையும் பார்த்தவர்களுக்கு அந்த ஊரை விவரிக்க வேண்டியதில்லை. தகப்பனார் தாமஸ் வேதநாயகம், கிராமத்துக் குருவானவர். இந்துவாகப் பிறந்து, இளம் வயதில் கிறிஸ்தவரானவர். தாயார் எலன். பதின்மூன்று வருஷம் ஆண் குழந்தைக்காகக் காத்திருந்து, ஜெபம் பண்ணிப் பெற்ற பிள்ளை என்பதால் வேதாகமத்து அன்னாளின் மகனை நினைத்துச் சாமுவேல் என்று பெயர் வைத்தார்கள். பையனுக்குப் பதினைந்து வயதாகும்போது, 1889-ல், தகப்பனார் காலமானார். அதற்குப் பிறகு அவரை வளர்த்தது தாயாரின் கண்டிப்புதான்.

இந்த இடத்தில் திருநெல்வேலிக் கிராமத்துச் சபையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். அது தெரியாமல் அசரியா பின்னால் செய்தது எதுவும் விளங்காது. 1820-ல் பாளையங்கோட்டைக்கு வந்த ரேனியஸ் ஐயர், 1838-ல் அங்கேயே இறக்கும்வரை, கிராமம் கிராமமாகச் சபைகளை உண்டாக்கினார். கிறிஸ்தவர்களானதால் வீடு வாசலை இழந்தவர்கள் குடியிருக்க நிலம் வாங்கிக் கொடுப்பதற்கென்றே 1830-ல் தர்ம சங்கம் என்று ஒன்றை ஏற்படுத்தினார். அவருக்குப் பிறகு ஜான் தாமஸ் ஐயர் மெஞ்ஞானபுரத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் இருந்து ஊழியம் செய்தார். ஊருக்கு ஒரு சின்னக் கோயில், அதே கட்டடத்தில் பகலில் பள்ளிக்கூடம், ஒரு உபதேசியார், சாயங்கால ஜெபத்துக்கு ஒரு மணி, அறுப்பின் பண்டிகைக்கு அசனம். வீட்டில் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிப் பானையில் போட்டு வைத்து, வாரக் கடைசியில் சபைக்குக் கொடுப்பார்கள். பிடியரிசி என்று அதற்குப் பெயர். இதையெல்லாம் பார்த்து வளர்ந்த பையன் அசரியா. கிராமத்து ஏழைக்கும் கொடுக்கத் தெரியும், சபை நடத்தத் தெரியும் என்பது அவருக்கு யாரும் சொல்லிக் கொடுத்துத் தெரிய வேண்டிய விஷயமாக இருக்கவில்லை.

மெஞ்ஞானபுரத்திலும் திருநெல்வேலியிலும் படித்துவிட்டு நம் கல்லூரிக்கு வந்தார். இங்கே கிடைத்த நண்பர்களில் முக்கியமானவர் கே. டி. பால். பிற்காலத்தில் ஒய்.எம்.சி.ஏ.வின் முதல் இந்தியத் தேசியப் பொதுச் செயலாளராகவும் கிராம மறுமலர்ச்சிப் பணிக்கு முன்னோடியாகவும் அறியப்பட்ட அதே பால்தான். இந்த இரண்டு பேரின் சிநேகம் கடைசிவரை நீடித்தது. பட்டம் வாங்காமல் போனாலும், கல்லூரியிலிருந்து வெறுங்கையோடு போகவில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

1895-ல் ஒய்.எம்.சி.ஏ.வில் செயலாளராகச் சேர்ந்தார். பதினான்கு வருஷம் அந்த வேலை. தென்னிந்தியா முழுக்க ஊர் ஊராக அலைந்து, மாணவர்களையும் இளைஞர்களையும் சந்திப்பது, கூட்டம் நடத்துவது, வேத பாடம் எடுப்பது. அந்த நாளில்தான் ஷெர்வுட் எடி என்ற அமெரிக்கர் நண்பராகக் கிடைத்தார். இரண்டு பேரும் ஏறக்குறைய ஒரே வயசுக்காரர்கள், ஒரே மாதிரி வேலை. வெள்ளைக்காரர் ஒருவரும் இந்தியர் ஒருவரும் எஜமான், வேலையாள் என்றில்லாமல் சரிசமமாகப் பழக முடியும் என்பதை அசரியா அனுபவத்தில் கண்டது இந்த எடியிடம்தான். 1898-ல் அன்பு மரியம்மாளைத் திருமணம் செய்துகொண்டார். தென்னிந்தியக் கிறிஸ்தவப் பெண்களில் முதன்முதல் கல்லூரிப் படிப்புப் படித்தவர்களில் ஒருவர் அந்த அம்மாள். பின்னால் டோர்னக்கல்லில் நடந்த வேலையில் சரிபாதி அந்த அம்மாளுடையது.

1902-ல் அசரியா யாழ்ப்பாணத்துக்குப் போனார். அங்கே பார்த்த ஒரு காரியம் அவரை உலுக்கிவிட்டது. யாழ்ப்பாணத் தமிழ்க் கிறிஸ்தவர்கள், எண்ணிக்கையில் திருநெல்வேலிக்காரர்களைவிட எவ்வளவோ குறைந்தவர்கள், தாங்களே ஒரு மிஷனெரிச் சங்கம் வைத்து, தங்கள் பணத்தில், கடல் தாண்டி நம் பக்கத்துத் தொண்டிக்கு ஊழியர்களை அனுப்பியிருந்தார்கள். நூறு வருஷத்துச் சபை என்று பெருமை பேசுகிற திருநெல்வேலி, அதுவரை சொந்தமாக ஒருத்தரையும் வெளியே அனுப்பவில்லை. வெள்ளைக்காரர் வந்து நமக்குச் சொன்னார், நாம் கேட்டுக்கொண்டோம், அதோடு சரி என்று இருந்துவிட்டார்கள். இந்த வெட்கம்தான் அடுத்த வருஷமே வேலையாக மாறியது.

1903 பிப்ரவரி 12-ம் தேதி பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரிச் சங்கம் ஆரம்பமாயிற்று. இந்திய ஆட்கள், இந்தியப் பணம், இந்திய நிர்வாகம் என்பது அதன் அடிப்படை. எங்கே போவது என்று பார்த்தபோது, தமிழ்நாட்டுக்குள்ளேயே ஒரு மூலையைத் தேர்ந்தெடுக்கவில்லை. பாஷை தெரியாத ஊராக இருக்க வேண்டும், வேறு யாரும் வேலை செய்யாத இடமாகவும் இருக்க வேண்டும் என்று தேடி, நிஜாமின் ஹைதராபாத் ராஜ்யத்தில் டோர்னக்கல் என்ற தெலுங்குச் சிற்றூரைத் தெரிந்தெடுத்தார்கள். முதல் மிஷனெரியாகப் போனவர் சாமுவேல் பாக்கியநாதன் என்ற திருநெல்வேலிக்காரர், 1904-ல். தெலுங்கு கற்றுக்கொண்டு, காட்டுப் பிரதேசத்தில் சுற்றி, 1906-ல் முதல் ஞானஸ்நானங்கள் நடந்தன. இதற்கு நடுவில், 1905 கிறிஸ்துமஸ் தினத்தன்று, சீராம்பூரில் வில்லியம் கேரியின் நூலகத்தில் கூடி, இந்தியா முழுமைக்குமாகத் தேசிய மிஷனெரிச் சங்கத்தையும் தொடங்கினார்கள். அதிலும் அசரியாவுக்கு முக்கியப் பங்கு.

இப்போது அவருக்கு ஒரு சங்கடம். மற்றவர்களைப் போகச் சொல்லிக் கூட்டத்துக்குக் கூட்டம் பேசுகிறோம். நாம் மட்டும் சென்னையில் உட்கார்ந்திருக்கலாமா? 1909-ல் ஒய்.எம்.சி.ஏ. வேலையை விட்டார். குருப்பட்டம் பெற்று, பெண்டாட்டி பிள்ளைகளோடு டோர்னக்கல்லுக்கே போய்ச் சேர்ந்தார். முப்பத்தைந்து வயதை எட்டுகிற நேரத்தில் தெலுங்கு அரிச்சுவடி எடுத்து உட்கார்ந்தார். உலக மாணவர் மாநாட்டுக்காக 1907-ல் டோக்கியோ வரை போய்வந்த மனிதர், எழுத்தறியாத கூலிக்காரர்களுக்கு நடுவில் போய் அவர்கள் பேச்சைக் கற்றுக்கொள்கிறார். சொந்தக்காரர்கள் சிலருக்கு இது பைத்தியக்காரத்தனமாகத்தான் பட்டிருக்கும்.

அடுத்த வருஷம், 1910 ஜூனில், ஸ்காட்லாந்தில் எடின்பரோ நகரத்தில் உலக மிஷனெரி மாநாடு. சுமார் 1,200 பிரதிநிதிகள். அதில் ஆசியாவிலிருந்து வந்த சுதேச சபைக்காரர்கள் இருபது பேர்கூட இல்லை. அந்தச் சிலரில் அசரியா ஒருவர். அயல்நாட்டு ஊழியருக்கும் சுதேச ஊழியருக்கும் உள்ள உறவைப் பற்றிப் பேச அவரை அழைத்தார்கள். நன்றி சொல்லி, நாலு நல்ல வார்த்தை பேசிவிட்டு உட்கார்ந்திருந்தால் எல்லாருக்கும் சந்தோஷமாக இருந்திருக்கும். அவர் அப்படிச் செய்யவில்லை. இந்தியாவில் மிஷனெரியும் இந்திய ஊழியரும் சம்பளம் கொடுப்பவரும் வாங்குபவருமாகத்தான் பழகுகிறார்கள். வருஷக்கணக்காக ஒரே ஊரில் வேலை செய்தும் ஒருவர் வீட்டில் ஒருவர் சாப்பிட்டதில்லை. கைகுலுக்கக்கூடத் தயங்குகிறவர்கள் உண்டு என்று முகத்துக்கு நேரே சொன்னார். மிஷனெரிகளின் தியாகத்தை அவர் குறைத்துப் பேசவில்லை. சொத்தைக் கொடுத்தார்கள், உயிரையும் கொடுத்தார்கள், அதற்கு இந்தியச் சபை நன்றியோடிருக்கும். ஆனால் நாங்கள் கேட்பது நட்பு என்பதுதான் அவர் பேச்சின் சாரம். சபையில் சலசலப்பு. நன்றி கெட்டவன் என்று நினைத்தவர்களும் இருந்தார்கள். அந்த மாநாட்டில் பேசப்பட்ட எத்தனையோ உரைகள் மறந்துபோய்விட்டன. இந்த ஒரு உரையை மட்டும் நூறு வருஷம் கழித்தும் திருச்சபை சரித்திரம் எழுதுகிற யாரும் விடுவதில்லை.

சென்னை அத்தியட்சர் ஹென்றி ஒயிட்ஹெட் நல்ல மனிதர். இந்தியர் ஒருவரை அத்தியட்சராக்க வேண்டும் என்று அவர் விடாமல் பாடுபட்டார். எதிர்ப்பு இருந்தது. வெள்ளைக்கார மிஷனெரிகள் ஒரு இந்தியருக்குக் கீழ்ப்படிவார்களா என்று கேட்டார்கள். எதிர்த்தவர்களில் இந்தியக் கிறிஸ்தவர்களும் உண்டு, அதையும் சொல்லத்தான் வேண்டும். கடைசியில் 1912 டிசம்பர் 29-ம் தேதி, கல்கத்தா பரிசுத்த பவுல் பேராலயத்தில், 11 அத்தியட்சர்கள் கை வைக்க, அசரியா டோர்னக்கல்லின் முதல் அத்தியட்சரானார். அப்போது வயது 38. சரி, ஒருவர் வந்துவிட்டார், இனி வரிசையாக வருவார்கள் என்று நினைப்போம், இல்லையா? 1945-ல் அவர் இறக்கும்வரை ஆங்கிலிக்கன் சபையில் தனி அத்தியட்சாதீனத்தை ஆண்ட இந்தியர் அவர் ஒருவர்தான். 32 வருஷம் அந்த நாற்காலிக்குப் பக்கத்தில் இன்னொரு நாற்காலி போடப்படவில்லை.

முதலில் சின்னதாக இருந்த அத்தியட்சாதீனம், பிற்பாடு கிருஷ்ணா மாவட்டத்துப் பழைய மிஷன் பகுதிகளும் சேர்ந்து மிகப் பெரியதாயிற்று. அங்கிருந்த ஜனங்கள் யார்? பெரும்பாலும் மாலா, மாதிகா என்ற இரண்டு ஒடுக்கப்பட்ட சமூகத்தார். நிலம் கிடையாது. விவசாயக் கூலி, தோல் வேலை, ஊர்ச் சாகுபடிக்காரருக்குப் பரம்பரைக் கடன். ஊர்க் கிணற்றில் தண்ணீர் எடுக்க முடியாது.

வேலை நடந்த விதம் இதுதான். ஒரு ஊரில் கிறிஸ்தவர்களானவர்களைப் பார்த்துப் பக்கத்து ஊர்ச் சேரியிலிருந்து நாலைந்து பெரியவர்கள் வருவார்கள். எங்களுக்கும் ஒரு வாத்தியாரை அனுப்புங்கள் என்று கேட்பார்கள். உடனே ஞானஸ்நானம் கிடையாது. முதலில் ஒரு உபதேசியாரும் அவர் மனைவியும் அந்தச் சேரியிலேயே போய்க் குடியிருக்க வேண்டும். பகலில் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம், கூலி வேலை முடிந்து வந்தபின் ராத்திரியில் பெரியவர்களுக்குப் பாடம். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள், ஆகவே தெலுங்குக் கீர்த்தனையும் கதையும்தான் பாடப் புஸ்தகம். விசுவாசப் பிரமாணம், பத்துக் கற்பனை, கர்த்தருடைய ஜெபம் மூன்றும் மனப்பாடமாக வேண்டும். மாதக்கணக்கில், சில இடத்தில் வருஷக்கணக்கில் இது நடக்கும். அதற்குப் பிறகே ஞானஸ்நானம். இதற்கிடையில் கூலி நிறுத்தம், அடி, பொய் வழக்கு எல்லாம் வரும். அதிலும் நிலைத்தவர்கள்தான் நிலைத்தார்கள்.

அத்தியட்சர் வருகிறார் என்றால் மாட்டுவண்டிப் பயணம். கூடவே அன்பு அம்மாள். மரத்தடியில் கூட்டம். அவர் கேள்வி கேட்பார், ஜனங்கள் பதில் சொல்ல வேண்டும். கிராமத்தைப் பிடித்த நான்கு பிசாசுகள் என்று அழுக்கு, நோய், கடன், குடி ஆகிய நான்கையும் வரிசைப்படுத்திப் பிரசங்கம் செய்வார். கடனுக்குக் கூட்டுறவுச் சங்கம், நோய்க்கு வைத்தியசாலை என்று கைக்கு மருந்தும் கொடுத்தார். டோர்னக்கல் பயிற்சிப் பள்ளியில் ஊழியத்துக்குப் படிக்க வருகிறவர் மனைவியையும் கூட்டி வர வேண்டும், அவளுக்கும் படிப்பு உண்டு. கிராமத்தில் பெண்களிடம் போய்ப் பேசப் போகிறவள் அவள்தானே! இந்தப் பெண்கள் வேலையை எல்லாம் அன்பு அம்மாள் கவனித்துக்கொண்டார்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த ஒன்று உண்டு. புதிதாக ஞானஸ்நானம் பெற்றவர்களைத் தங்கள் கையைத் தங்கள் தலைமேலேயே வைத்துக்கொள்ளச் சொல்வார். சுவிசேஷத்தைச் சொல்லாமல் போனால் எனக்கு ஐயோ என்ற பொருளில் பவுல் அப்போஸ்தலன் எழுதியதைத் தமக்குப் பின்னால் அவர்களைச் சொல்ல வைப்பார். யோசித்துப் பாருங்கள். நேற்றுவரை ஊருக்குள் செருப்புப் போட்டு நடக்க முடியாதவன், இன்றைக்கு அடுத்த ஊருக்குச் செய்தி கொண்டுபோகும் பொறுப்பைத் தன் தலையில் தானே ஏற்றுக்கொள்கிறான். அத்தியட்சரின் கை அங்கே இல்லை, அவன் கையே இருக்கிறது. டோர்னக்கல் சபை வளர்ந்த ரகசியம் இதுதான் என்று நான் நினைக்கிறேன். 1935 வாக்கில் 250 இந்தியக் குருமார், 2,000-க்கு மேற்பட்ட கிராம உபதேசிமார். 1941-ல் கிறிஸ்தவர்களின் தொகை சுமார் 2,25,000. சம்பளத்துக்கு ஆள் வைத்து இவ்வளவும் நடக்காது.

பணமும் அப்படித்தான். கொடுக்கல் என்பதைப் பற்றி அவர் தனியாக ஒரு புஸ்தகமே எழுதினார். பல பாஷைகளில் மொழிபெயர்ந்தது. தெலுங்குக் கிராமத்துப் பெண்களும் வெள்ளாளன்விளைப் பெண்களைப் போலவே உலை வைக்குமுன் ஒரு பிடி எடுத்து வைத்தார்கள். கோழி, முட்டை, தானியம் எல்லாம் காணிக்கையாக வந்தன. ஏழையிடம் வாங்கலாமா என்று கேட்கத் தோன்றும். வாங்க மறுப்பதும் ஒருவனைத் தாழ்த்துவதுதான் என்பது அவர் கட்சி.

1939 ஜனவரி 6-ம் தேதி பிரதிஷ்டையான டோர்னக்கல் பேராலயத்தைப் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். கோபுர ஊசிகள் வைத்த இங்கிலாந்துக் கோயில் அல்ல. மசூதிக் கவிகை மாடம், கோயில் தூண்கள், கல்லில் தாமரையும் வாழைப்பூவும். கட்டி முடிக்க எத்தனையோ வருஷம் பிடித்தது. தெலுங்குக் கிராமத்தான் உள்ளே வந்தால் அந்நிய நாட்டுக்குள் வந்ததாக நினைக்கக் கூடாது என்று பார்த்துப் பார்த்துக் கட்டினார்கள். சென்னையிலிருந்து டில்லி போகிற ரயில் பாதையில், விஜயவாடாவுக்கும் காஜிப்பேட்டைக்கும் நடுவில், சிங்கரேணி நிலக்கரி வயலுக்குக் கிளை பிரிகிற ஜங்ஷன்தான் டோர்னக்கல். இப்போது தெலங்கானா. நம்மில் எத்தனையோ பேர் தூங்கிக்கொண்டே அதைத் தாண்டியிருப்போம். ஒரு நாள் ஒதுக்கிப் பகலில் இறங்கிப் பார்க்க வேண்டிய ஊர்.

இனி ஒரு சிக்கலான விஷயம். சொல்லாமல் விட்டால் கட்டுரை சுலபமாக முடிந்துவிடும், ஆனால் பாதிக் கதைதான் ஆகும். 1935-ல் டாக்டர் அம்பேத்கர் யேவலாவில், தாம் இந்துவாகச் சாகப்போவதில்லை என்று அறிவித்தார். தேசமே மதமாற்றத்தைப் பற்றிப் பேசியது. காந்திஜி 1936, 37-ல் ஹரிஜன் பத்திரிகையில் மிஷனெரி வேலையைக் கடுமையாக விமர்சித்தார். பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் காட்டி ஏழைகளை இழுக்கிறார்கள், மத விஷயங்களை எடைபோட்டுப் பார்க்கும் நிலையில் அந்த ஜனங்கள் இல்லை என்பது அவர் வாதம். அவர் சொன்னதில் நியாயமே இல்லை என்று தள்ள முடியாது. வயிற்றுப் பசியைப் பயன்படுத்தினவர்கள் எங்கேயும் உண்டு.

அசரியா தேசப்பற்றில் குறைந்தவர் அல்ல. 1932-ல் வகுப்புத் தீர்ப்பு வந்தபோது, கிறிஸ்தவர்களுக்குத் தனி வாக்காளர் தொகுதி வேண்டாம் என்று எதிர்த்தவர் அவர். சபை ஒரு அரசியல் கட்சியாகிவிடும், ஓட்டு எண்ணிக்கைக்காக ஆள் சேர்க்கிறார்கள் என்று பேச்சு வரும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. ஆனால் காந்திஜி சொன்ன ஒன்றை மட்டும் அவரால் ஏற்க முடியவில்லை. ஒரு மாதிகாவுக்குத் தன் தெய்வத்தைத் தானே தீர்மானிக்கத் தெரியாது என்பதை எப்படி ஒப்புக்கொள்வது? இருபத்தைந்து வருஷமாக அவர்களோடு இருந்து, அவர்கள் அடி வாங்கியும் நிலைத்ததைப் பார்த்தவர். எடின்பரோவில் வெள்ளைக்காரரிடம் கேட்டதும் இதுதான், காந்திஜியிடம் விவாதித்ததும் இதுதான் என்று எனக்குப் படுகிறது. மேலே இருப்பவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், கீழே இருப்பவனுக்காகத் தானே யோசித்துவிடுகிறார். அவனும் யோசிக்கிற மனுஷன் என்பதை மறந்துவிடுகிறார்.

எல்லாம் ஜெயமாக முடிந்தது என்று சொல்ல மாட்டேன். மாலாவும் மாதிகாவும் ஒரே திருவிருந்துக் கிண்ணத்தில் பானம் பண்ண வேண்டும் என்று அவர் கண்டிப்பாக நின்றார். ஆனாலும் சபைக்குள் அந்தப் பேதம் அவரோடு ஒழிந்துவிடவில்லை. தமிழ்நாட்டில் நம் சபைகள் எப்படி என்று நமக்கே தெரியும். இன்னொரு பக்கம், 1950-ம் வருஷத்து ஜனாதிபதி ஆணை பட்டியல் சாதியாரின் சலுகைகளை இந்துக்களுக்கு மட்டும் என்றது, 1956-ல் சீக்கியரையும் 1990-ல் பௌத்தரையும் சேர்த்தார்கள், கிறிஸ்தவர்களைச் சேர்க்கவில்லை. டோர்னக்கல்லில் தலையில் கை வைத்துப் பொருத்தனை செய்தவர்களின் பேரப்பிள்ளைகள் இதற்காகக் கோர்ட்டுக்கும் கமிஷனுக்கும் நடக்க வேண்டியதாயிற்று. சோறுக்காக மதம் மாறினார்கள் என்று சொல்கிறவர்கள் இந்தக் கணக்கையும் கொஞ்சம் பார்க்கலாம்.

அசரியாவின் இன்னொரு பெரிய கனவு சபை ஐக்கியம். மேல்நாட்டில் ஏதோ காரணத்துக்காகப் பிரிந்த சபைகள், அதே பிரிவினையை நம் கிராமத்துக்கும் கொண்டுவந்து, ஒரே தெருவில் இரண்டு கோயில் கட்டினால் ஜனங்கள் என்ன நினைப்பார்கள்? 1919 மே மாதம் தரங்கம்பாடியில், சீகன்பால்க் வந்து இறங்கின அதே கடற்கரையில், 33 பேர் கூடினார்கள். இருவரைத் தவிர எல்லாரும் இந்தியர். கூட்டிவைத்தவர்களில் முக்கியமானவர்கள் அசரியாவும் நண்பர் எடியும். அங்கே தொடங்கிய பேச்சு வார்த்தை இருபத்தெட்டு வருஷம் இழுத்தது. 1927-ல் லோசான் மாநாட்டிலும் இதே வழக்கை எடுத்துப் பேசினார்.

1938 டிசம்பரில் உலக மிஷனெரி மாநாடு நம் தாம்பரம் கல்லூரி வளாகத்திலேயே நடந்தது நம் எல்லாருக்கும் பெருமையான விஷயம். சீனாவில் நடப்பதாக இருந்து, யுத்தத்தினால் இங்கே மாறிற்று. கல்லூரி அங்கே குடிபோய் அப்போது ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. நாம் தங்கிப் படித்த விடுதிகளில் உலகத்தின் எல்லாப் பக்கத்துப் பிரதிநிதிகளும் தங்கினார்கள். எடின்பரோவில் இருபது பேர்கூட இல்லாத ஆசிய, ஆப்பிரிக்கச் சபைக்காரர்கள் தாம்பரத்தில் ஏறக்குறைய பாதிப்பேர். அவர்களை வரவேற்கும் இடத்தில், இந்திய தேசிய கிறிஸ்தவ கவுன்சிலின் தலைவராக, நின்றவர் அசரியா. பரீட்சை எழுதாமல் போன மாணவர் கல்லூரிக்கு இப்படித் திரும்பி வந்தார்!

1945 ஜனவரி 1-ம் தேதி, புது வருஷத்தன்று, டோர்னக்கல்லில் காலமானார். அங்கேயே அடக்கம். இரண்டே முக்கால் வருஷம் கழித்து, 1947 செப்டம்பர் 27-ம் தேதி, சென்னை பரிசுத்த ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை உதயமாயிற்று. அதைப் பார்க்க அவர் இல்லை.

கடைசியாக ஒரு திருத்தம். பெயருக்குப் பின்னால் ஒன்றும் போட முடியாது என்று ஆரம்பத்தில் சொன்னேன். நம் கல்லூரி மூலம் அவர் பெற்ற பட்டம் எதுவும் கிடையாது, அது உண்மை. ஆனால் 1920-ல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் அவருக்கு எல்.எல்.டி. கௌரவப் பட்டம் கொடுத்தது. அதை வாங்கிக்கொண்டு திரும்பவும் மாட்டுவண்டி ஏறிக் கிராமத்துக்குத்தான் போனார். ஆகவே அடுத்த மலரில் பட்டியல் போடுகிற நண்பர்கள், பழைய மாணவர் வரிசையில் வி. எஸ். அசரியா என்று தாராளமாக எழுதலாம். முகவரி: டோர்னக்கல்.